கடைசி சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள்: பழைய ஏழு சீட்டர் வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டில் ஏழு பேர். அப்பா, அம்மா, மாமியார், நான், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன், ஆறாம் வகுப்பு மகள். குலதெய்வக் கோயில், சொந்தத்தில் கல்யாணம், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று எது வந்தாலும் வாடகை வண்டிதான். ஓர் ஆண்டு வாடகையைக் கூட்டிப் பார்த்த பிறகு, பழைய ஏழு சீட்டர் ஒன்றை வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

முதலில் பார்த்த வண்டி எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. பெயின்ட் பளபளவென்று இருந்தது, இன்ஜின் சத்தமே இல்லை, விலையும் கைக்கு அடக்கம். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கை விட்டேன். அந்த நேரத்தில் மகன் சும்மா பின்னால் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தான். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்துவிட்டன. நிமிர்ந்தால் தலை கூரையில் இடித்தது. ‘இதுல ஊர் வரைக்கும் எப்படிப்பா வர்றது?’ என்றான். அரை மணி நேரமாக அந்த வண்டியைச் சுற்றி வந்த நான் கடைசி சீட்டில் ஒரு தடவைகூட உட்கார்ந்து பார்க்கவில்லை. அன்றிலிருந்து எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் பின்கதவிலிருந்துதான் ஆரம்பித்தேன். எட்டாவதாகப் பார்த்த வண்டியை வாங்கினோம். முதல் முறையாக வாங்கப் போகிறவர்களும் அந்த வரிசையிலேயே போவது நல்லது என்பது என் கருத்து.

யார் எங்கே உட்காரப் போகிறார்கள்?

வண்டி தேடுவதற்கு முன் ஒரு தாளில் வீட்டு ஆட்களின் பெயரை எழுதுங்கள். பக்கத்தில் அவர்கள் உயரம், முழங்கால் வலி உண்டா, கார் பயணத்தில் வாந்தி வருமா என்பதையும் எழுதுங்கள். கடைசி வரிசை யாருக்கு என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். பெரும்பாலும் பிள்ளைகளுக்குத்தான். அந்தப் பிள்ளைக்கு இப்போது 9 வயதா, 15 வயதா என்பது முக்கியம். வண்டியை நீங்கள் ஐந்தாறு வருடமாவது வைத்திருப்பீர்கள். 9 வயதுப் பையன் அதற்குள் உங்கள் உயரத்துக்கு வந்துவிடுவான்.

வயதானவர்களுக்கு நடு சீட்டுதான் சரி. அதிலும் ஏறுகிற படியின் உயரத்தைப் பார்க்க வேண்டும். ஸ்கார்ப்பியோ, பொலேரோ போன்றவை தனிச் சேசிஸ் (இரும்பு அடிச்சட்டம்) மேல் உட்கார்ந்த வண்டிகள். தரை உயரமாக இருக்கும், முழங்கால் வலிக்காரர்களைக் கை கொடுத்துத்தான் ஏற்ற வேண்டும். எர்டிகா போன்ற வண்டியில் தரை தாழ்வு. எங்கள் அம்மா அதில் யார் துணையும் இல்லாமல் ஏறினார். எங்கள் வீட்டு முடிவைப் பாதி தீர்மானித்தது அந்த ஒரு விஷயம்தான்.

அடுத்தது சாமான். மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது டிக்கியில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதை விளம்பரத்தில் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. ரெனோ ட்ரைபரில் அந்த இடம் 84 லிட்டர். அதாவது, இரண்டு மூன்று பள்ளிப் பைகள். முதல் தலைமுறை எர்டிகாவில் 135 லிட்டர், 2018-க்குப் பிந்தைய எர்டிகாவில் 209 லிட்டர். ஏழு பேர் இரண்டு நாள் தங்கப் போனால் ஏழு பையாவது இருக்கும். மேலே கேரியர் போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். கனம் கூரைக்கு ஏற ஏற வளைவில் வண்டி சாயும். அதனால் மேலே லேசான பைகள் மட்டும்தான்.

இன்னொன்றையும் மனதைத் தொட்டு யோசியுங்கள். ஏழு பேரும் சேர்ந்து போவது வருடத்துக்கு எத்தனை தடவை? இரண்டு மூன்று தடவைதான் என்றால், நல்ல ஐந்து சீட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு அந்த மூன்று தடவைக்கு வாடகை வண்டி எடுப்பதே லாபம். மாதம் ஒரு தடவையாவது ஆறேழு பேர் போகிறவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

எந்த வண்டி?

முதலில் எல்லோர் வாயிலும் வருவது இன்னோவா. 2005-இல் வந்து 2016 வரை ஓடிய பழைய இன்னோவாவில் 2494 சிசி டீசல் இன்ஜின். அதன் கடைசி வரிசையில் பெரியவர்கள் நிஜமாகவே உட்கார்ந்து தூரம் போகலாம், பின்னால் உள்ள இரண்டு வரிசைக்கும் கூரையிலிருந்து ஏசி வரும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் மூன்று லட்சம் கிலோமீட்டர் என்பது அதற்குப் பெரிய விஷயமில்லை. இது டாக்ஸிக்காரர்களுக்கும் தெரியும். அதனால்தான் பத்து வயது வண்டிக்கும் விலை இறங்குவதில்லை. இந்த இன்ஜினில் உள்பாகங்களை ஒத்திசைத்து ஓட்டும் டைமிங் பெல்ட் உண்டு. அது ஓடும்போது அறுந்தால் இன்ஜின் செலவு கையைக் கடிக்கும். பெல்ட் எந்தக் கிலோமீட்டரில் மாற்றப்பட்டது என்பதற்குப் பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். 2016-இல் வந்த கிரிஸ்டாவில் பெல்ட்டுக்குப் பதில் செயின். வண்டி அருமை, ஆனால் ‘பட்ஜெட்’ என்ற சொல்லோடு சேராது.

நடுத்தரக் குடும்பத்துக்கு என் முதல் பரிந்துரை எர்டிகா. 2012 ஏப்ரலில் அறிமுகம். 1.4 பெட்ரோல், 1.3 டீசல் என இரண்டு இன்ஜினில் வந்தது. டீசல் இன்ஜின் ஸ்விஃப்ட், டிசையரில் இருந்த அதே குடும்பத்து இன்ஜின்தான் என்பதால் எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்ப்பார். 2018 நவம்பரில் வந்த இரண்டாம் தலைமுறை நீளம் கூடியது, கடைசி வரிசையும் கொஞ்சம் தாராளம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்ததோடு டீசல் எர்டிகா நின்றுவிட்டது. முதல் தலைமுறை வண்டியின் கடைசி சீட்டு ஐந்தரை அடிக்கு உட்பட்டவர்களுக்குச் சரி. அதற்கு மேல் உயரமானவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்காரச் சிரமப்படுவார். சிஎன்ஜி எர்டிகா பார்க்கிறீர்கள் என்றால் டிக்கியைத் திறந்து பாருங்கள். சிலிண்டர் கடைசி சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது, சாமான் வைக்கும் இடத்தின் பெரும்பகுதியை அது எடுத்துக்கொள்ளும்.

ட்ரைபர் 2019-இல் வந்தது. நான்கு மீட்டருக்குள் அடங்கிய வண்டி, கடைசி சீட்டுகளை முழுதாகக் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம். அன்றாடம் நான்கு பேர், எப்போதாவது ஆறு பேர் என்ற குடும்பத்துக்கு நல்ல யோசனை. ஆனால் உள்ளே இருப்பது 999 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். ஏழு பேரோடு ஏசி போட்டு மலை ஏறினால் திணறும். 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தபோது புது ட்ரைபர் விலையும் இறங்கியது. ஆகவே, பழையதை வாங்கும் முன் ஷோரூமில் புது விலையைக் கேட்டுவிடுங்கள். வித்தியாசம் குறைவாக இருந்தால் பழையது வேண்டாம்.

மஹிந்திரா சைலோவை இப்போது பலர் மறந்துவிட்டார்கள். 2009-இல் வந்தது, தோற்றத்தில் பெட்டி மாதிரி இருக்கும், உள்ளே இடம் தாராளம், விலை இன்னோவாவைவிட நன்றாகக் குறைவு. கிராமத்துச் சாலை, மெக்கானிக் எளிதாகக் கிடைக்க வேண்டும், தோற்றம் முக்கியமில்லை என்பவர்கள் தைரியமாகப் பார்க்கலாம். அதே நிறுவனத்தின் மராஸோ 2018-இல் வந்தது. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 4 நட்சத்திரம் வாங்கியது, கடைசி வரிசையும் உட்காரும்படி இருக்கும். ட்ரைபருக்கும் 2021-இல் 4 நட்சத்திரம், எர்டிகாவுக்கு 2019-இல் 3. ரெனோ லாட்ஜி, ஹோண்டா மொபிலியோ, பிஆர்-வி ஆகியவை உற்பத்தி நின்றுபோனவை. விலை மலிவாகக் கிடைக்கும். நிறுவனங்கள் இன்னும் இந்தியாவில் இருப்பதால் சர்வீஸ் கிடைக்கும், ஆனால் கண்ணாடி, விளக்கு, பம்பர் போன்ற பாடி சாமான்களுக்குக் காத்திருக்க வேண்டி வரலாம். செவர்லே டவேரா, என்ஜாய் இரண்டையும் புதியவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். செவர்லேயின் சொந்தக்கார நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் 2017 கடைசியோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது.

பொலேரோ, பழைய ஸ்கார்ப்பியோ சிலவற்றில் பின்னால் இருப்பது பக்கவாட்டில் எதிரெதிராக உட்காரும் பெஞ்ச். பக்கத்து ஊருக்குப் போக அது போதும். நெடுஞ்சாலையில் பிள்ளைகளை அதில் உட்கார வைத்துப் போவது எனக்குச் சம்மதமில்லை. முன்னோக்கிய சீட்டும் சீட் பெல்ட்டும் இருந்தால்தான் அதை நான் ஒரு வரிசையாகக் கணக்கில் எடுப்பேன்.

பாதுகாப்பு விஷயத்தில் ஒரு வருடத்தை நினைவில் வையுங்கள்: 2019. அந்த ஏப்ரலிலிருந்து எல்லாக் காருக்கும் ஏபிஎஸ் (பலமாகப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) கட்டாயம், ஜூலையிலிருந்து ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். அதற்கு முந்தைய வண்டி என்றால், விலை குறைந்த வேரியன்டில் இரண்டும் இல்லாமல் இருக்கலாம். ஏழு பேர் ஏறும் வண்டியில் ஏபிஎஸ் இல்லாததை வாங்காதீர்கள். இருபது முப்பது ஆயிரம் கூடினாலும் மேல் வேரியன்டுக்குப் போங்கள். பின்வரிசை ஏசியும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

பெட்ரோலா, டீசலா?

மாத ஓட்டம் 1,000 கிலோமீட்டருக்குள் என்றால் பெட்ரோல். அதற்கு மேல், அதிலும் நீண்ட தூரம் என்றால் டீசல். பிஎஸ்6 டீசலில் புகைக்கரியை வடிகட்டும் டிபிஎஃப் இருக்கிறது. தினமும் மூன்று கிலோமீட்டர் பள்ளிக்கூடம் போய் வரும் வண்டிக்கு அது அடைத்துக்கொண்டு செலவு வைக்கும்.

மஞ்சள் போர்டாக ஓடிய வண்டியா?

ஏழு சீட்டர் வாங்கும்போது மற்ற கார்களைவிட அதிகம் கவனிக்க வேண்டியது இதுதான். டிராவல்ஸில் நான்கைந்து லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியை, போர்டு மாற்றி, சொந்த வண்டி என்று விற்பதுண்டு. முறைப்படி ஓன் போர்டாக மாற்றியிருந்தால் அது சட்டப்படி தவறில்லை. விலை அதற்கேற்பக் குறைந்திருக்க வேண்டும், அதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? மீட்டரை நம்பாதீர்கள், அதைக் குறைத்து வைப்பது பத்து நிமிட வேலை. கிளட்ச், பிரேக் பெடல்களின் ரப்பரைப் பாருங்கள். மீட்டரில் 70,000 காட்டுகிறது, பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று பொய். ஸ்டீயரிங்கின் மேல்பகுதி, கியர் குமிழ், ஓட்டுநர் சீட்டின் வலது ஓரம் மூன்றும் உண்மையைச் சொல்லும். டிராவல்ஸ் வண்டியில் இன்னொரு அடையாளம், நடு சீட்டுக் கதவின் உள்கைப்பிடி. சொந்த வண்டியில் ஓட்டுநர் பக்கக் கதவுதான் அதிகம் தேய்ந்திருக்கும். வாடகை வண்டியில் இடது நடுக் கதவு அதைவிடத் தேய்ந்திருக்கும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்து, ஓனர் சம்மதத்தோடு, பழைய சர்வீஸ் விவரத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று அதில் பதிவாகியிருக்கும்.

ஆர்.சி.யில் சீட் எண்ணிக்கையையும் பாருங்கள், ஓட்டுநரையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. ஒரே மாடல் 7 சீட்டிலும் 8 சீட்டிலும் வந்திருக்கும். ஆர்.சி.யில் 7 என்று இருந்து, உள்ளே வெல்டிங் வைத்து ஒரு சீட் கூடுதலாகப் போட்டிருந்தால் அந்த வண்டி வேண்டாம். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸில் சிக்கல்.

வண்டியைப் பார்க்கப் போகும் நாள்

காலையில் போங்கள். இன்ஜினை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பேனட்டில் கை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜின்தான் தன் குறையை மறைக்காது. தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போங்கள், அவருக்குக் கொடுக்கும் ஆயிரம் இரண்டாயிரம் வீண் போகாது.

மெக்கானிக் முன்னால் வேலையை ஆரம்பிக்கட்டும், நீங்கள் பின்னால் போங்கள். நடு சீட்டை மடக்கி, நகர்த்தி, கடைசி வரிசைக்கு ஏறுங்கள். லிவர் ஒரே இழுப்பில் மடங்குகிறதா? கதவை மூடச் சொல்லி அங்கேயே பத்து நிமிடம் உட்காருங்கள். ஏசியைப் போட்டுவிட்டு, பின்வரிசைக் காற்று முகத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் பின் ப்ளோயர் ஓடாமல் கிடப்பது சாதாரணம், முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஹெட்ரெஸ்ட் இரண்டும் இருக்கின்றனவா, பெல்ட் கொக்கி பூட்டுகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் அந்தக் கடைசி சீட் பெல்ட்டை முடிந்த வரை வெளியே இழுங்கள். நாங்கள் பார்த்த ஐந்தாவது வண்டி, சென்னைப் புறநகரில் பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்கில் நின்றது. உள்ளே புது சீட் கவர், புது மேட், வாசனை வேறு. பெல்ட்டை இழுத்துக்கொண்டே போனேன். முதல் இரண்டு அடி சுத்தமாக வந்தது. கடைசி ஓரடி மட்டும் காவி படிந்து விறைப்பாக இருந்தது. விரலால் தேய்த்ததும் காய்ந்த சேறு பொடியாக மடியில் விழுந்தது. சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தால் சீட் நகரும் கம்பிகள் முழுக்கத் துரு. அது வெள்ளத்தில் நின்ற வண்டி. சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் எத்தனை வண்டிகள் மூழ்கின என்பதைப் பார்த்தோமே. அவற்றில் பல, துடைத்து மாலை போட்டு, வேறு மாவட்டத்தில் விற்பனைக்கு வரும். தண்ணீர் புகுந்த வயரிங் ஒரு வருடம் கழித்துக்கூடக் கோளாறு கொடுக்கும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள், பியூஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள், ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடலோர ஊர் வண்டி என்றால் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். சேசிஸ், கதவின் கீழ் ஓரம், சக்கர வளைவின் உள்பக்கம் எங்கும் ஸ்க்ரூ டிரைவரால் மெல்லத் தட்டினால், துருப்பிடித்த இடம் மந்தமான சத்தம் கொடுக்கும். எர்டிகா, இன்னோவாவில் ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் தொங்கும். பல வருடம் யாரும் இறக்கியிருக்க மாட்டார்கள். அதை இறக்கச் சொல்லுங்கள். இறங்கவில்லை என்றால் நடுவழியில் பஞ்சர் ஆகும்போதும் இறங்காது.

டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் (டயரின் மேல்பரப்பு வரிகள்) தேயாமல் இருந்தாலும் ஆறேழு வருடம் தாண்டிய டயரை நம்பி ஏழு பேரை ஏற்றக் கூடாது.

பாடியில் கதவுகளுக்கு இடையிலான சந்து எல்லா இடத்திலும் ஒரே அளவா என்று பாருங்கள். ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பார்த்தால், நசுங்கலை மறைக்கப் பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. ஏழு சீட்டரில் பின்பக்கத்தை மட்டும் தனியாகக் கவனியுங்கள். பின்னால் பலமாக மோதிய வண்டி என்றால், டிக்கி தரையின் வெல்டிங் கோடு நெளிந்திருக்கும். அந்தத் தரைக்கு அரையடி முன்னால்தான் உங்கள் பிள்ளையின் முதுகு இருக்கப் போகிறது.

இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஆயில் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். குபுகுபுவென்று புகை வெளியே தள்ளினால், மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்று சொல்வார்கள். இன்ஜின் பெரிய வேலைக்குத் தயாராகிறது என்று பொருள். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது.

ஏழு பேரோடு ஓட்டிப் பாருங்கள்

ஒரு ஆள் மட்டும் ஏறி ஓட்டினால் எந்த ஏழு சீட்டரும் நன்றாகத்தான் ஓடும். வீட்டு ஆட்களையோ நண்பர்களையோ கூட்டிப் போய் எல்லாச் சீட்டையும் நிரப்பி ஓட்டிப் பாருங்கள். விற்பவர் முதலில் முகம் சுளிப்பார். ‘வாங்கப் போறது இவங்களுக்குத்தாண்ணே, ஒரு ரவுண்டு உட்கார்ந்து பார்த்துடட்டும்’ என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

ஆட்கள் ஏறும் முன் பின்சக்கரத்துக்கும் மேல் வளைவுக்கும் நடுவில் எத்தனை விரல் போகிறது என்று பாருங்கள். ஏறிய பிறகு மறுபடி பாருங்கள். கொஞ்சம் இறங்குவது இயல்பு. விரலே போகாத அளவுக்கு இறங்கினால், அல்லது ஒரு பக்கம் மட்டும் சாய்ந்தால், பின் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் போய்விட்டன. ஸ்பீட் பிரேக்கரை மெதுவாகக் கடந்து பாருங்கள், அடி தட்டுகிறதா, கடைசி சீட்டில் ‘டக் டக்’ என்று புஷ் (சஸ்பென்ஷன் இணைப்பில் இருக்கும் ரப்பர்) சத்தம் வருகிறதா என்று பின்னால் இருப்பவரைக் கேளுங்கள். ஓட்டுபவருக்கு அது கேட்காது.

பக்கத்தில் ஒரு மேம்பாலம் இருந்தால் அதன் ஏற்றத்தில் நிறுத்தி, ஏசியோடு, முதல் கியரில் எடுங்கள். வண்டி முன்னால் போகாமல் இன்ஜின் மட்டும் கத்தினாலோ கருகிய வாடை வந்தாலோ கிளட்ச் தேய்ந்துவிட்டது. இந்தச் சோதனையைச் செய்யாமல் வாங்கினால் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில்தான் அது தெரியவரும். இறக்கத்தில் பிரேக்கையும் பாருங்கள், ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. திரும்பி வந்ததும் ஏசியை அணைக்காமல் ஐந்து நிமிடம் நிற்கவிட்டு, டெம்பரேச்சர் முள் ஏறுகிறதா என்று கவனியுங்கள்.

தாள்கள்

அட்வான்ஸ் கொடுக்கும் முன் பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். எத்தனையாவது ஓனர், பதிவு எந்தத் தேதி வரை, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா, கடன் பாக்கி இருக்கிறதா, பிளாக்லிஸ்ட் ஆகியிருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். இ-சலான் பாக்கியையும் பாருங்கள், அபராதத்தை விற்பவர்தான் கட்ட வேண்டும். சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் வண்டியிலேயே பார்த்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். கொஞ்சம் சுரண்டிய அடையாளம் இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஆர்.சி.யில் எச்.பி. (வண்டி மேல் கடன் உண்டு என்ற குறிப்பு) என்று பேங்க் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) அந்தக் குறிப்பை நீக்கக் கையெழுத்தான படிவம் 35-ம் வேண்டும். ‘கடன் எப்பவோ முடிஞ்சிடுச்சு, பேப்பர் அப்புறம் தர்றேன்’ என்றால், பணத்தையும் அப்புறமே தருகிறேன் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருடம். அதன் பிறகு எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. 13, 14 வயது வண்டியை வாங்கும்போது இந்தச் செலவு ஓரிரு வருடத்திலேயே உங்கள் தலையில் விழும்.

வெளி மாநில வண்டி மலிவாகக் கிடைக்கும். டெல்லிச் சுற்றுவட்டாரத்தில் 10 வயது தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தடை உத்தரவு வந்ததிலிருந்து, அங்கிருந்து நிறைய இன்னோவாக்கள் தெற்கே வருகின்றன. படிவம் 28-இல் அந்த ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. வேண்டும், இங்கே வரி கட்ட வேண்டும், அலைச்சலும் உண்டு. எல்லாவற்றையும் கூட்டினால் மிச்சம் பெரிதாக இல்லை. முதல் முறை வாங்குபவர் உங்கள் மாவட்டப் பதிவு எண்ணிலேயே தேடுவது நிம்மதி.

விலை, பெயர் மாற்றம், முதல் மாதம்

கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். நாங்கள் வாங்கியது 2014 டீசல் எர்டிகா, இரண்டாவது ஓனர். வாங்கிய மாதமே நான்கு டயர், பேட்டரி, எல்லா ஆயில்களும் ஃபில்டர்களும், பின் புஷ்கள், இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் என 48,000 ரூபாய் ஆனது. முன்பே ஒதுக்கி வைத்திருந்ததால் சமாளித்தோம். பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கையாவது தனியே வையுங்கள்.

விலை பேசும்போது ‘கடைசியா எவ்வளவு?’ என்று கேட்பதைவிட, மெக்கானிக் சொன்ன குறைகளையும் அதற்கான செலவையும் எழுதிக் காட்டிப் பேசுங்கள். டயர் இவ்வளவு, கிளட்ச் இவ்வளவு என்று தாளில் இருந்தால் அவரும் இறங்கி வருவார். புரோக்கர் வழியாக வாங்கினால் கமிஷன் யார் தருவது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். ஆர்.சி.யில் இருக்கும் ஓனரை நேரில் பார்க்காமல் முழுப் பணத்தையும் தராதீர்கள். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் ஓனர் கையெழுத்து, ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, இருவரின் ஆதார் நகல், சாவி இரண்டு: இவை ஒரே நாளில் கைக்கு வர வேண்டும். விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ‘பேரு மெதுவா மாத்திக்கலாம்’ என்று தள்ளிப் போடாதீர்கள். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள், இல்லையென்றால் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குக் கிளெய்ம் கிடைக்காது. பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் அவருக்கே சொந்தம், உங்களுக்கு வராது. அதனால் பிரீமியம் கொஞ்சம் கூடும். பழைய ஃபாஸ்டேகை அவரே மூடிவிட்டாரா என்று கேட்டுவிட்டு, உங்கள் பெயரில் புதிது எடுங்கள்.

முதல் தடவை எல்லோரும் ஏறிக் கிளம்பும் முன், ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். டயர் காற்றுக்கு இரண்டு அளவுகள் போட்டிருந்தால், ஆள் குறைவாக இருக்கும்போது ஒன்று, முழு ஆட்களோடு போகும்போது ஒன்று என்று அர்த்தம். பின் டயருக்கு அந்த இரண்டாவது அளவைப் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள். ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் கடைசி சீட்டில் வந்தவரை முதலில் இறக்கிவிட்டு, கால் மரத்துப்போனதா, ஏசி வந்ததா என்று கேளுங்கள்.